பத்தொன்பது வயதில் ஊர் திரும்பியவர்

ஹினோ ஆற்றோரம்

ஒகயாமாவில் ரயில் ஏறும்போது நல்ல வெயில். மலையைக் குடைந்த பாதைகளை ஒவ்வொன்றாகக் கடந்து மறுபக்கம் இறங்கினால் மழை. ஜப்பான் கடலைப் பார்த்துக் கிடக்கும் டோட்டோரி மாகாணத்தில் நவம்பர் மாதம் இப்படித்தான், வானம் ஒரு நாளைக்கு நாலைந்து முறை மாறும். கட்டுச்சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்தப் பக்கம் ஒரு சொலவடையே உண்டு. ஜப்பானிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த மாகாணம் அது. ஐந்தரை லட்சத்துக்கும் குறைவான பேர். நம்மூரில் ஒரு நடுத்தர நகரத்துக்குள் அடங்கிவிடுவார்கள்.

என்னோடு வந்தவன் அக்கா மகன். உடன்குடிப் பையன். சென்னையில் விஸ்காம் படித்துவிட்டு, கல்யாணம் காதுகுத்து என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைகிறான். அவன் அப்பா உடன்குடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறார். பையன் கல்லூரியில் படிக்கும்போது ஒரு புத்தகத்தில் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ஷோஜி உயேடாவின் படத்தைப் பார்த்திருக்கிறான். வெறும் மணல், வெறும் வானம், நடுவில் ஒரு குடும்பம் ஆளுக்கொரு பக்கம் தள்ளித் தள்ளி நிற்கிறது. அன்று பிடித்தது அவனுக்கு. அந்த மணலைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

பக்கத்து இருக்கையில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர். கைப்பேசியின் மொழிபெயர்ப்பை நம்பித்தான் எங்கள் பேச்சு நடந்தது. உயேடா பெயரைச் சொன்னதும் அவர் சன்னலுக்கு வெளியே ஓடிய ஆற்றைக் காட்டினார். ஹினோ ஆறு. ஆழமில்லாத, கல்லும் மணலுமான ஆறு. "உயேடாவின் மணல் இந்த வழியாகத்தான் போனது" என்றது கைப்பேசி.

விஷயம் இதுதான். இந்த மலைகளில் ஒரு காலத்தில் இரும்பு மணலை உருக்கி எஃகு எடுத்தார்கள். கத்திகளுக்குப் பேர்போன தத்தாரா எஃகு. நைந்துபோன கருங்கல் மலைச் சரிவை வெட்டிச் சரித்து, வாய்க்கால் தண்ணீரில் ஓடவிடுவார்கள். அரிசியில் கல் அரிக்கிற மாதிரி, கனமான இரும்பு மணல் அடியில் தங்கும். மிச்ச மணல் முழுக்க ஆற்றோடு கடலுக்குப் போகும். தலைமுறை தலைமுறையாகப் போன அந்த மணல் கடலோரத்தில் சேர்ந்து சேர்ந்துதான், ஏற்கெனவே இருந்த யுமிகஹாமா என்ற மணல் நாக்கு இவ்வளவு பெரிதாயிற்று. சுமார் 20 கிலோமீட்டர் நீளம். அதன் முனையில் இருக்கிற துறைமுக ஊரில் 1913ஆம் ஆண்டு பிறந்தவர் உயேடா.

பையன் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "நம்ம தேரி செவப்பா இருக்கதும் இரும்புனாலதானே சித்தி?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். எங்கள் ஊர்ப்பக்கத்து மணல்மேடான குதிரைமொழித்தேரியின் மணல் சிவந்திருப்பது அதன் மேல் படிந்த இரும்புத் துருவால். இங்கே இரும்பை எடுத்துக்கொண்டு வெளுத்த மணலைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

சகாய்மினாட்டோ

யோனகோ நகரத்திலிருந்து அந்தத் துறைமுக ஊரான சகாய்மினாட்டோவுக்குப் போகும் சின்ன ரயிலின் உடம்பு முழுக்கப் பேய் ஓவியங்கள். இந்த ஊரில் வளர்ந்த காமிக்ஸ் கலைஞர் ஷிகெரு மிசுகியின் பேய்கள் அவை. இறங்கினால் கடைத்தெரு நெடுகிலும் வெண்கலத்தில் பேய்ச் சிலைகள், 170க்கு மேல். ஒற்றைக் கண், நீண்ட கழுத்து, குடையே உடம்பாகிப்போன ஒன்று. மழையில் நனைந்து எல்லாம் பளபளத்தன. பள்ளிப் பிள்ளைகள் போகிறபோக்கில் தலையைத் தடவிவிட்டுப் போவதால் சில சிலைகளின் உச்சி தேய்ந்து மஞ்சளாகியிருக்கிறது.

ஒரே சிற்றூரிலிருந்து ஒன்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர். மிசுகி சின்ன வயதில் ஒரு கிழவியிடம் பேய்க்கதை கேட்டு வளர்ந்தார். போருக்குப் போய் இடது கையை இழந்தார். பிறகு டோக்கியோ பக்கம் குடியேறி, ஊர்ப் பேய்களையெல்லாம் காகிதத்தில் எழுப்பினார். உயேடா ஊரிலேயே இருந்தார். ஊரில் இருந்துகொண்டே ஊரின் அடையாளம் ஒவ்வொன்றையும் படத்திலிருந்து எடுத்துவிட்டார். இந்தத் தெருவில் நடக்கும்போது எனக்கு இரண்டாவது ஆள் செய்ததே அதிகக் கடினம் என்று தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

உயேடாவின் அப்பா கெத்தா என்கிற மரச்செருப்பு செய்து விற்றவர். பிறந்த பிள்ளைகளில் பிழைத்தது ஷோஜி ஒருவர்தான். அப்பா வாங்கிக் கொடுத்த கேமராவோடு ஷோஜி ஒன்றிப்போனான். பத்திரிகைகளுக்குப் படம் அனுப்பினான், அச்சேறியது. 1932இல் டோக்கியோ போய்ச் சில மாதம் புகைப்படம் படித்தான். படித்த கையோடு ஊர் திரும்பி ஸ்டூடியோ திறந்தபோது வயது 19. 2000ஆம் ஆண்டில் இறக்கும்வரை அந்த வட்டாரத்தை விட்டு அவர் குடிபெயரவில்லை.

மதியம் மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஆறு முக்காலி, ஒரு மரப்பலகை, பின்னால் அடுப்பு. நண்டுக் காலம் தொடங்கிய சமயம். ஆண் நண்டின் விலையைப் பார்த்துவிட்டுத் தயங்கியதும், கடைக்கார அம்மாள் சிரித்தபடி பெண் நண்டு போட்ட மிசோ (சோயா விழுது) ரசத்தை எடுத்து வைத்தார். உள்ளங்கை அளவு நண்டு, பாதியாகப் பிளந்து கிடந்தது. ஓட்டுக்குள் செக்கச் செவேலென்று ஒரு முட்டைத் திரள். வயிற்று மடிப்பில் பழுப்பு நிறத்தில் பொடிப் பொடியாக வேறொரு முட்டைக் கொத்து. முதலாவது மாவாகக் கரைகிறது, இரண்டாவது பல்லில் நறநறக்கிறது. உள்ளூரில் வீட்டுச் சமையலுக்கு இதுதான் என்றார் அவர். பெரிய நண்டெல்லாம் வெளியூர் போய்விடுமாம்.

உயேடாவைப் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கிறோம் என்றதும் அவருக்கு வியப்பு. "படக்கடைக்காரர்" என்று அவரைக் குறிப்பிட்டார். எங்களுக்கு அவர் கலைஞர், இந்த ஊருக்கு அவர் படம் பிடிக்கிற கடைக்காரர். பையன் முகம் மலர்ந்துபோனது. அவன் அப்பாவையும் உடன்குடியில் கடைக்காரர் என்றுதான் சொல்கிறார்கள்.

யுமிகஹாமா

மணல் நாக்கின் ஒரு பக்கம் உள்கடல், மறுபக்கம் திறந்த கடல். நடுவில் வெங்காயத்தாள் வயல்கள். பழங்காலத்தில் இந்த மணலில் பருத்தி விளைந்தது. அந்த நூலில் நீலச் சாயம் ஏற்றி, கோலம் கோலமாக நெய்த துணி இன்றும் இங்கே நெய்யப்படுகிறது. வயல்களைத் தாண்டிச் சவுக்கைப் போல் ஒதுங்கி நிற்கும் பைன் மரங்கள். அதற்கப்பால் கடற்கரை. தென்கிழக்கே, தண்ணீருக்கு மேலே, டைசென் மலை. 1729 மீட்டர். உச்சியில் அந்த ஆண்டின் முதல் பனி தெரிந்தது.

இந்த மாதிரி மணலில்தான் 1939இல் அவர் நான்கு சிறுமிகளை நிறுத்தி எடுத்தார். நால்வரும் ஒரே வரிசை, ஆனால் ஒவ்வொருத்திக்கும் தனி நிலை, தனி எண்ணம். சேர்ந்து எடுத்த படம் என்ற உணர்வே இல்லை. 1949இல் சொந்தக் குடும்பத்தை நிறுத்தினார். கிமோனோவில் மனைவி, சைக்கிளோடு ஒரு பையன், மற்ற பிள்ளைகள், தானும். தோளில் கை போட்டுக்கொண்டு யாரும் இல்லை. இருந்தும் அதைவிட நெருக்கமான குடும்பப் படத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருவருக்கும் நிற்க இடம் கொடுத்த அப்பா அதில் தெரிகிறார்.

இந்த இரண்டு படங்களுக்கும் நடுவில் ஒரு போர். 1941இல் அவர் கேமராவைக் கீழே வைத்தார். ராணுவத்துக்குப் படம் எடுக்க மனமில்லை. போர் முடிந்தபின் மறுபடி மணலுக்கு வந்தபோது, ஜப்பானியப் புகைப்பட உலகம் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. கென் டோமோன் என்ற பெரிய கலைஞர், கலப்பில்லாத யதார்த்தம் வேண்டும், ஆளை நிறுத்தி எடுப்பது கூடாது என்று முழங்கினார். நாடே இடிந்து கிடந்த நேரத்தில் அந்தக் குரலுக்கு நியாயம் இருந்தது. இளைஞர்கள் அவர் பின்னால் போனார்கள். டோமோன் தாமே டோட்டோரி மணல்மேட்டுக்கு வந்து உயேடாவோடு சேர்ந்து படம் எடுத்திருக்கிறார், பகை ஒன்றும் இல்லை. ஆனாலும் குடையும் தொப்பியும் கொடுத்து ஆட்களை நிறுத்துகிற ஊர்ப்புற ஸ்டூடியோக்காரருக்கு அந்தக் காலத்தில் மதிப்புக் குறைந்தது. 1960இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஜப்பானியப் புகைப்படக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. உள்நாட்டில் பரவலான கவனம் திரும்ப 1970கள் ஆயின. இடைப்பட்ட காலமெல்லாம் அவர் நிறுத்தி எடுப்பதை நிறுத்தவில்லை.

நாங்கள் போன அன்று கடற்கரையில் ஒரு குடும்பம் இருந்தது. நவம்பர் நடுவில் மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளைக் கிமோனோ உடுத்திக் கோயிலுக்கு அழைத்துப் போகிற விழா அவர்களுக்கு உண்டு. கோயில் முடிந்து நேரே மணலுக்கு வந்திருந்தார்கள். ஏழு வயதுக்காரிக்குச் செங்கிமோனோ, தம்பிக்குக் கட்டம் போட்ட கால்சட்டை, கையில் கோயிலில் கொடுத்த நீளமான மிட்டாய்ப் பை. படம் எடுத்துக்கொண்டிருந்தவர் முப்பதுக்குள் இருக்கும் ஒரு பெண். ஒசாகாவில் வேலை பார்த்துவிட்டு யோனகோவுக்கே திரும்பி வந்தவராம். பிள்ளைகள் ஓடி ஓடி அம்மாவிடம் ஒட்டிக்கொண்டார்கள். அந்தப் பெண் அவர்களைப் பிரிக்கவில்லை. மணலில் உட்கார்ந்து, சிறுமியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் சிறுமி தானே எழுந்து தள்ளிப் போய், மிட்டாய்ப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் ஒரே ஒரு முறை கேமரா சத்தம் கேட்டது.

பையன் அவரிடம் பேசினான். உயேடா மாதிரி எடுத்துக் கொடுங்கள் என்று நிறைய பேர் கேட்கிறார்கள் என்றார் அவர். தள்ளி நிற்கச் சொன்னால் நிற்பார்கள். ஆனால் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு போவதற்குக் காத்திருப்பதுதான் தன் வேலை என்றார்.

கிஷிமோட்டோ

டைசென் அடிவாரத்தில் நெல் வயல்களுக்கு நடுவே 1995இல் திறக்கப்பட்ட உயேடா புகைப்பட அருங்காட்சியகம். வடிவமைத்தவர் ஷின் டகாமட்சு. பூச்சில்லாத கான்கிரீட்டில் நான்கு கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன, இடையே மூன்று வெளிகள். அந்த நான்கு சிறுமிகள்தாம் அவை. வெளிகளில் தண்ணீர்த் தடாகம். காற்று ஓய்ந்தால் மலை அதில் தலைகீழாக இறங்கும்.

உள்ளே ஓர் இருட்டறை. சுவரில் 60 செண்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு லென்ஸ், எடை 600 கிலோவுக்கு மேல். அறை முழுவதுமே ஒரு கேமரா. எதிர்ச் சுவரில் டைசென் தலைகீழாக விழுகிறது. முதலில் வெறும் சாம்பல் நிறம்தான். கண் பழகப் பழகச் சரிவின் மடிப்புகள் தெரிகின்றன. மேகம் ஒன்று மலையடியில் ஊர்கிறது. மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், வயல். வயலோரச் சாலையில் ஒரு வெள்ளைச் சிற்றுந்து சக்கரம் மேலாகப் போனது. பையன் சுவரருகே போய் அந்தச் சிற்றுந்தைத் தொட்டான். அவன் விரல் மேலேயே அது ஓடிக் கடந்தது.

படங்கள் நான் நினைத்ததைவிடச் சிறியவை. கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மணலின் ஒவ்வொரு துகளும் தெரிகிற கறுப்பு வெள்ளை அச்சு. அந்த அறைகளில் நடக்கும்போதுதான் எங்கள் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது.

நம்மிடையே வேர் என்ற பேச்சு வந்தால் உடனே சில படங்கள் வந்து நிற்கும். பாட்டியின் சுருக்கம் விழுந்த முகம், பாம்படம், முளைப்பாரி, கோயில் கொடை, பனையேறியின் கால். அவை கெட்ட படங்கள் அல்ல. எடுப்பவர் பலருக்கு அந்த ஊர் சொந்த ஊரும் அல்ல, வார இறுதியில் போய்வருகிற காட்சிப் பொருள். சொந்த ஊர்ப் பையன்களும் அதையே எடுத்தால்தான் வேருள்ளவர்கள் என்று ஒரு நிர்ப்பந்தம் உருவாகிவிட்டது. உயேடாவுக்கும் அது எளிதாக இருந்திருக்கும். நண்டுப் படகு, நீலத் துணி நெய்யும் கிழவி, மரச்செருப்பு செய்யும் தகப்பன், எல்லாம் கை நீட்டும் தூரத்தில். அவர் மணலை மட்டும் வைத்துக்கொண்டார். ஊர் அவருக்குப் பிறர் பார்க்க எடுத்து வைக்கும் பொருளாக இல்லை. சின்ன வயதில் விளையாடிய இடமாக இருந்தது. கடைசிவரை அங்கே விளையாடினார்.

இதைச் சொன்னதும் பையன் ஒத்துக்கொள்ளவில்லை. என்னை இழுத்துக்கொண்டு போய், இந்த வட்டாரமான சான்'இன்னின் கிராமப் பிள்ளைகளைப் பருவத்துக்குப் பருவம் எடுத்த படங்களைக் காட்டினான். 1971இல் புத்தகமாக வந்தவை. "இதுல திருவிழா இருக்கு, பனி இருக்கு, ஊரு இருக்கு. எல்லாத்தையும் கழிச்சிட்டாருன்னு சொல்லிரக் கூடாது சித்தி. அவரு எதையும் எடுத்துக் காட்டணும்னு எடுக்கல. கூட வெளையாடுன பிள்ள கூட்டத்துல நிக்கான்னா அவனையும் எடுத்திருக்காரு."

அவன் சொன்னது சரிதான். மணலில் நின்ற சிறுமியும் பனியில் நின்ற கிராமத்துப் பையனும் ஒரே மாதிரிதான் நிற்கிறார்கள், பார்க்கிறவரைப் பற்றிக் கவலை இல்லாமல்.

டோட்டோரி மணல்மேடு

ரயில் கிழக்கே ஒரு மணி நேரம் ஓடி டோட்டோரி நகரத்தில் நின்றது. மணல்மேடு கடலோரமாக 16 கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டருக்கு மேல் அகலம். குதிரை முதுகு என்று அவர்கள் அழைக்கிற மேடு சுமார் 47 மீட்டர் உயரம். ஏறும்போது கால் சறுக்குகிறது. உச்சியில் நின்றால் மறுபக்கம் செங்குத்தாகக் கடல்.

1983இல் மனைவி நோரியே இறந்தபின் உயேடாவுக்குக் கேமராவைத் தொட மனம் வரவில்லை. ஸ்டூடியோவை அவரோடு சேர்ந்து நடத்தியவர், எத்தனையோ படங்களில் மணலில் நின்றவர் அந்த அம்மாள்தான். டோக்கியோவில் விளம்பரக் கலை இயக்குநராக இருந்த மகன் மிட்சுரு, அப்பாவை உட்காரவிடவில்லை. டகேயோ கிகுச்சி ஆடைகளுக்கான படங்களை எடுக்க வைத்தார். எழுபது வயதில் உயேடா கோட்டு சூட்டு போட்ட ஆட்களைக் கூட்டிக்கொண்டு இந்த மணலுக்கு வந்தார். டோக்கியோவின் நாகரிகம் அவர் காலடிக்கு வந்து, அவர் சொன்ன இடத்தில் நின்றது. அந்தத் தொடரை வெறும் விளம்பரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் தெரிவது மனைவி நின்ற இடத்தில் வேறு ஆட்களை நிறுத்திப் பழகிக்கொள்கிற ஒரு கிழவர்.

மணல்மேட்டின் ஒரு சரிவில் பத்துப் பதினைந்து பேர் குனிந்து நின்றார்கள். கையில் களைக்கொத்து. போருக்குப் பின் மணலை நிறுத்தச் சுற்றிலும் மரம் நட்டிருக்கிறார்கள். மணல் நகர்வது குறைந்ததும் புல் முளைக்கத் தொடங்கிவிட்டது. விட்டால் மணல்மேடு புல்வெளியாகிவிடும் என்று பிறகு மரங்களில் ஒரு பகுதியை வெட்டினார்கள். புல்லை ஊர்க்காரர்களும் மாணவர்களும் இன்றும் பிடுங்குகிறார்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் பிடுங்கிய புல்லின் வேரைக் காட்டினார். முழம் நீளம் வரும். அறுந்துவிட்டால் மறுபடி முளைக்கும், அதனால் மெல்ல ஆட்டி ஆட்டித்தான் இழுக்க வேண்டும் என்று செய்தே காட்டினார். வெறும் மணலாக வைத்திருக்க இவ்வளவு ஆள் வேண்டியிருக்கிறது.

தேரியிலும் வனத்துறை மரம் நட்டுத்தான் மணலை நிறுத்தியது. ஊருக்குள் மணல் ஏறாமல் அதுதான் காத்தது, குறை சொல்ல முடியாது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியில் இன்னும் வெட்டவெளியாகச் செம்மணல் கிடக்கிறது. ஆடிக் காற்றில் அதில் வரி வரியாக அலை விழும். பையன் சிறுவனாக இருந்தபோது அங்கேதான் உருண்டு விளையாடினான்.

மதியம் மணல்மேட்டை ஒட்டிய கடையில் கறிக்குழம்புச் சோறு. தட்டோரத்தில் ரக்கியோ ஊறுகாய். நம்ம சின்ன வெங்காயத்துக்கு உறவான கிழங்கு, இந்த மணலிலேயே விளைவது. வழியெல்லாம் அதன் ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. பையன் ஊறுகாயை மூன்றாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"அவருக்கு ஸ்டூடியோ சோறு போட்டுச்சு சித்தி. ஊர்க்காரங்க கல்யாணம், பிள்ளைக்குப் பேர் வைக்கது, பள்ளிக்கூடப் படம். அத எடுத்தாத்தான் மணலுக்குப் போக முடியும். கடையப் பாத்துக்கிட வீட்டம்மா இருந்தாவ. யாரும் இதப் பத்திப் பேச மாட்டேங்காவ."

"ஒங்கப்பா கடை?"

"பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், லேமினேஷன். அதுல ரெண்டு குடும்பம் ஓடாது." கைப்பேசியில் நாட்காட்டியைத் திறந்தான். "வைகாசி, ஆவணி, தை, இந்த முகூர்த்தத்துக்கு மட்டும் மெட்ராஸ்க்குப் போயிட்டு வரலாம். மத்த மாசம் ஊர்ல. ஆடியில எப்படியும் கல்யாணம் கெடையாது. தேரியில காத்தும் அப்பத்தான்."

"யாரல நிறுத்தப் போற?"

"மொதல்ல அப்பாவத்தான். கடைய அடைச்சிட்டு வர வைக்கணும், அதான் பெரிய பாடு. ஞாயித்துக்கெழமைன்னா வருவாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."